நூற்றுக்கு இரண்டு

ஓவர்ராத் மின்பணியாளர். ஹான் ஊர்க்காரர்.
வயரின் தோலை முன்பல்லால் உரிப்பார்.
இடுக்கி பெல்ட்டிலேயே தொங்குகிறது.
ஏணி மேல் நிற்கிறவனுக்கு
இடுப்பைவிட வாய் பக்கம் என்பார்.
மூன்று வருடத்தில்
அவருக்கு நான் செய்யும் மூன்றாவது பல் இது.

வூப்பர்ட்டாலில் எங்கள் பல்கூடம்.
ஆட்களின் முகம் எனக்குத் தெரியாது.
கடி தெரியும்.

போன வியாழன் எஸ்28 ரயில்
தண்டவாளத்தில் ஏதோ பழுதென்று
நியாண்டர்டால் நிலையத்தில் எங்களை இறக்கிவிட்டது.
மழை. நடக்கும் தூரத்தில் அருங்காட்சியகம்.
மழைக்கு ஒதுங்கியவன் நான், அறிவுக்கு அல்ல.

முதலில் அந்த மண்டையோட்டு மூடி.
சுண்ணாம்புக்குக் குகையை உடைத்தவர்கள்
கரடி என்று வாரி எறிந்தது.
இப்போது குகையும் இல்லை, குன்றும் இல்லை.
இங்கிருப்பது வார்ப்பு. அசல், பான் நகரத்தில்.
புருவத்துக்கு மேல் வரப்பு போல் ஒரு மேடு,
அதற்குமேல் பின்வாங்கி ஓடும் நெற்றி.
தலையெழுத்து எழுத வந்தவன்
இடம் போதாமல் பாதியில் எழுந்து போயிருப்பான்
என்று நினைத்தேன்.
மூளையின் அளவு நம்முடையதற்குக் குறைவில்லை
என்றது பலகை.
நினைத்ததை வாபஸ் வாங்கினேன்.

இடது கை முறிந்து, கோணலாய்க் கூடியிருக்கிறது.
முறிந்த கையோடு வருடக்கணக்கில் வாழ்ந்திருக்கிறான்.
யாரோ கறியை நறுக்கித் தந்திருக்க வேண்டும்.
அல்லது பல்.

அப்புறம்தான் பிரான்சில் கிடைத்த
ஒரு தாடையின் வார்ப்பு. கால் அங்கேயே நின்றுவிட்டது.
கடைவாய்ப் பற்கள் பரவாயில்லை.
முன்பற்கள் மட்டும் சாய்வாக, வழித்தெடுத்த மாதிரி.
ஓவர்ராத்!
தோலின் ஒரு முனையைப் பல்லில் கவ்வி,
மறுமுனையைக் கையால் இழுத்து,
இன்னொரு கையில் கல் பிடித்துச் சுரண்டியிருக்கிறான்.
கல் தவறிய கீறல்கள் சாயும் பக்கத்தை வைத்து
வலதுகைக்காரர்களே அதிகம் என்கிறார்கள்.
மோவாய் இல்லை.
கீழ்த்தாடை அப்படியே உள்வாங்கி முடிகிறது.
மோவாயில் கைவைத்து உட்கார முடியாதவன்
துக்கத்தில் அந்தக் கையை
எங்கே வைத்தான்?

அடுத்த கண்ணாடிக்குள் பின்னால் வந்தவன். நம்மாள்.
உயர்ந்த நெற்றி, மெலிந்த எலும்பு, மோவாய்.
மல்லுக்கு நின்றால் இவன்தான் மண் கவ்வுவான்.
ஆனால் இவன் கோத்த சிப்பி மணிகள்
கடலே தெரியாத மலைகளில் கிடைத்திருக்கின்றன.
இவனுக்கு வெளியூரில் ஆள் இருந்திருக்கிறது.
அவனிடம் தோலைத் துளைக்கும் முள் உண்டு.
இவன் வம்சம் பிற்பாடு செய்த ஊசிக்குக்
காது உண்டு.
ஊசிக்குக் காது வைத்தவனுக்கு
அந்தப் பள்ளத்தாக்கில் யாரோ கூப்பிட்டது
கேட்டதா என்று
பலகையில் இல்லை.

பள்ளிக்கூடக் கூட்டத்தில் ஒரு பையன் கேட்டான்,
"கடைசியில் யார் ஜெயித்தது?"
வழிகாட்டிப் பெண் கைக்கடிகாரம் பார்த்தாள்.
பத்து நிமிடத்தில் மூடுகிறோம் என்றாள்.

நம் ரத்தத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு அவனுடையதாம்.
எங்கள் பக்கம் அதற்கு வட்டி என்று பெயர்.
கொடுத்தவன் வீடு இடிந்துவிட்டது.
வாங்கியவன் யாரென்று ஒருவருக்கும் நினைவில்லை.
நாற்பதாயிரம் வருடமாகக் கட்டுகிறோம்,
பிள்ளைகள் தலையிலும் ஏற்றிவிட்டு.
அன்பில் கைமாறியதா, பறித்ததா,
பத்திரத்தில் அந்த ஒரு வரியை மட்டும்
கரையான் தின்றிருக்கிறது.

இரவு, கோட்டில் ஆடிக்கொண்டிருந்த பொத்தானைத் தைத்தேன்.
நூல் காதில் நுழையவில்லை. நுனியைக் கடித்து,
எச்சிலில் முறுக்கி, மறுபடி கோத்தேன்.
முடிச்சுப் போட்டு மிச்சத்தை
முன்பல்லால்தான் அறுத்தேன்.
கத்தரிக்கோல் முழங்கையருகே கிடந்தது.

காலையில் ஓவர்ராத் போன் செய்தார்.
புதுப்பல் பிரமாதம், இனிக் கடிக்கலாமா என்றார்.
சாப்பாட்டை, என்றேன்.
சிரித்தார்.
சிரிப்புக்குப் பின்னால்
ஏதோ ஒரு வயரின் தோல்
சர்ரென்று உரிந்தது.